வேலூரிலிருந்து முதல் ஏடிபி புள்ளி வரை: ஆவணங்கள், செலவு, கெடுநாள்கள்

தொழில்முறை டென்னிஸின் அடிமட்டத்தில் நான்கரை ஆண்டுகள் ஆடியவன் நான். ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பான ஏடிபியின் தரவரிசையில் நான் ஒருபோதும் முதல் ஆயிரம் இடங்களுக்குள் வரவில்லை. அந்த நான்கரை ஆண்டுகளில் எதிராளியிடம் தோற்று இழந்த வாரங்களைவிட, ஒரு தாள் இல்லாமலும் ஒரு தேதியைத் தவறவிட்டும் இழந்த வாரங்களே எனக்கு அதிகம் வலிக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் ஆடுகிற பிள்ளைகளுக்கு இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுக்க அகாடமியில் ஒரு மூத்த வீரராவது இருப்பார். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அப்படி யாரும் இல்லை. நீங்கள் மாநில, தேசியப் போட்டிகளில் ஓரளவு ஆடிவிட்டு, ஆடவர் தொழில்முறைப் போட்டிகளில் மிகக் கீழ்நிலையான எம்15 என்னும் முதற்படியில் கால் வைக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆட்டத்தைப் பற்றி இதில் எதுவும் இல்லை. அதற்கு உங்கள் பயிற்சியாளர் இருக்கிறார்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

இது அற்பமாகத் தோன்றும், ஆனால் மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவதுதான் வழக்கம். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, ஆதாரில் அந்த எழுத்தோடு ஒரு புள்ளி, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் முழுப்பெயர் என்று ஒரே ஆள் நான்கு பேராக நிற்பார். பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான் ஏற்கும். விமான நிறுவனமும் விசா அலுவலகமும் அப்படியே. நான் சிறுவயதில் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் இனிஷியலோடு பதிவு செய்து, பிறகு வேறு வடிவத்தில் பாஸ்போர்ட் வாங்கி, மூன்றாவதாக ஒரு வடிவத்தில் விமானச் சீட்டு எடுத்தேன். முதல் வெளிநாட்டுப் பயணத்தன்று விமான நிலையக் கவுன்ட்டரில் ஒன்றரை மணி நேரம் நின்றதும், பெயரைத் திருத்தக் கூடுதல் கட்டணம் கட்டியதும் அதனால்தான்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், வேறுபட்டால் ஆதாரை முதலில் திருத்துங்கள், பிறகு பாஸ்போர்ட், அதற்குப் பிறகே மற்ற பதிவுகள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

2. பாஸ்போர்ட்

வேலூரிலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டி, நேரம் ஒதுக்கிக்கொண்டு, மூல ஆவணங்களோடு நேரில் போக வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பு உங்கள் முகவரிக்கு உரிய காவல் நிலையம் வழியாக நடக்கும். பயிற்சிக்காக வெளியூரில் தங்கியிருந்தாலும், காவலர் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியிருக்கலாம் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய் கட்டணம். 500 ரூபாயைப் பார்க்காமல் 60 பக்கத்தை எடுங்கள். ஒரு பயணத்துக்கு விசா ஒட்டு, நுழைவு முத்திரை, வெளியேறும் முத்திரை என்று பக்கங்கள் வேகமாகத் தீர்ந்துபோகும். பல நாடுகள் இரண்டு வெற்றுப் பக்கங்களாவது கேட்கும். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு ஆண்டு இருக்க, பக்கம் தீர்ந்து நான் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தேன். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பாஸ்போர்ட் ஐந்தாண்டோ பதினெட்டு வயது வரையோ, எது முன்னதோ அதுவரைதான் செல்லும். பதினைந்து வயதைத் தாண்டியவர் பத்தாண்டுப் பாஸ்போர்ட் கேட்கலாம், கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றை இணைத்தால், குடிபெயர்வுச் சோதனை தேவையில்லாத வகையில் பாஸ்போர்ட் கிடைக்கும். அது இல்லாமல் சில நாடுகளுக்குப் போவது தலைவலி.

3. சங்கப் பதிவும் ஐபின் எண்ணும்

அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் பதிவை இணையத்தில் செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உள்நாட்டு ஆடவர், மகளிர் போட்டிகளில் ஆடவும், இந்தியாவில் நடக்கும் ஐடிஎஃப் போட்டிகளுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் தரும் இடம், கேட்கவும் இது வேண்டும். தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்திலிருந்து இயங்குகிறது. ஒருமுறையாவது நேரில் போய்வாருங்கள், பிறகு மின்னஞ்சல் எழுதும்போது உங்கள் முகம் அவர்களுக்கு நினைவிருக்கும்.

ஐபின் என்பது ஐடிஎஃப் தரும் வீரர் அடையாள எண். இது இல்லாமல் எந்த எம்15 போட்டிக்கும் பெயர் கொடுக்க முடியாது. குறைந்தபட்ச வயது பதினான்கு. கட்டணம் டாலரில், ஆண்டுக்கு ஒருமுறை. இதில் இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, சந்தா காலண்டர் ஆண்டுக்கு உரியது. நவம்பரில் கட்டினால் டிசம்பரோடு முடிந்துவிடும். இன்னொன்று, பன்னாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி அட்டையைத் திறந்துவைக்காவிட்டால் பணம் போகாது. பெரும்பாலான வங்கி அட்டைகளில் இது மூடியே இருக்கும். கெடுநாள் மாலையில்தான் நமக்கு அது தெரியவரும்.

ஐபின் வாங்கியதும் நேர்மைக் கல்விப் பாடம் ஒன்றை இணையத்தில் முடிக்கச் சொல்வார்கள். அதை வேகமாகத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். காரணத்தை எட்டாவது படியில் சொல்கிறேன்.

4. பெயர் கொடுத்தல்: 18 நாள், 13 நாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எம்15 போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கெடுநாள், போட்டி வாரத்தின் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்பாக வரும் வியாழக்கிழமை, கிரீன்விச் நேரம் 14:00 மணி. நம் நேரத்தில் இரவு 7:30. அபராதமின்றி விலகும் கெடுநாள், அதே திங்களுக்கு 13 நாள் முன்பாக வரும் செவ்வாய்க்கிழமை, அதே இரவு 7:30. என் முதல் பருவத்தில் 14:00 என்பதை நான் பார்த்தேன், அது எந்த ஊர் நேரம் என்று பார்க்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பதறியடித்துக்கொண்டு பெயர் கொடுத்துக்கொண்டிருந்தவரை தவறில்லை. பிறகு யாரோ நேர வேறுபாட்டைச் சொல்ல, நான் அதில் ஒரு மணி நேரத்தைக் கூடுதலாகக் கூட்டி, இரவு எட்டரைக்கு உட்கார்ந்தபோது கதவு மூடியிருந்தது. கைப்பேசியில் ஒவ்வொரு வியாழனும் ஒவ்வொரு செவ்வாயும் மாலை 6 மணிக்கு அலாரம் வையுங்கள், 7:30-க்கு அல்ல.

ஒரே வாரத்தில் நடக்கும் பல போட்டிகளுக்கு முன்னுரிமை வரிசை போட்டுப் பெயர் கொடுக்கலாம். மறுநாள் ஏற்புப் பட்டியல் வரும். மெயின் டிரா என்னும் முதன்மைப் போட்டி, அதற்குள் நுழைய ஆடும் குவாலிஃபையிங் என்னும் தகுதிச் சுற்று, அதற்குக் கீழே யாராவது விலகினால் இடம் பெறும் ஆல்டர்நேட் என்று மூன்று அடுக்கு. ஏடிபி தரவரிசை உள்ளவர் முதலில், ஐடிஎஃப் தரவரிசை மட்டும் உள்ளவர் அடுத்து, இரண்டும் இல்லாத நீங்கள் பெரும்பாலும் ஆல்டர்நேட் பட்டியலின் வாலில் இருப்பீர்கள். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். செவ்வாய்க்கிழமை விலகல் முடிந்ததும் பட்டியல் பாதியாகக் கரையும்; பலர் ஒரு வாரத்துக்குப் பல இடங்களில் பெயர் கொடுத்திருப்பதால் அப்படி ஆகிறது. ஐரோப்பாவில் கரைவது குறைவு. பயணம் கடினமான இடங்களில் அதிகம்.

செவ்வாய் தாண்டி விலகினால் அது தாமத விலகல். அபராதம் விழலாம், அந்த வாரம் வேறு போட்டியிலும் ஆட முடியாது. அபராதத்தைக் கட்டாமல் விட்டால் அடுத்த பெயர் கொடுத்தலே தடைப்படும். உடல்நலம் சரியில்லை என்றாலும் சொல்லாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். முறைப்படி விலகிவிட்டு, மருத்துவச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு போட்டிக்கும் ஃபாக்ட் ஷீட் என்று ஒரு தாள் வெளியிடுவார்கள். தளத்தின் வகை, பந்தின் பிராண்டு, அதிகாரபூர்வ விடுதி, நுழைவுக் கட்டணம், நேரில் கையெழுத்திட வேண்டிய நேரம், விசா அழைப்புக் கடிதம் தருபவரின் மின்னஞ்சல் எல்லாம் அதில்தான் இருக்கும். கையெழுத்து நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போய் அழுதுகொண்டே திரும்பிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். விதி விதிதான், சூப்பர்வைசர் இளகமாட்டார்.

5. எங்கே தொடங்குவது

இந்தியாவில் நடக்கும் வாரங்களில் தொடங்குங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் இங்கே ஐடிஎஃப் போட்டிகள் அடுத்தடுத்து வருவது வழக்கம். விசா வேண்டாம், இரயிலில் போகலாம், வைல்டு கார்டுக்கும் வழி உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் காட்பாடி சந்திப்பு இருப்பது நமக்கு வாய்த்த பெரிய வசதி. இரண்டு ஊரிலும் பயிற்சிக்கு நல்ல எதிராளிகள் கிடைப்பார்கள். நம் ஊரில் உங்கள் தரத்தில் தினமும் பந்தடிக்க ஆள் தேடுவதே ஒரு வேலை. வாரத்தில் இரண்டு நாளாவது இரயில் ஏறுங்கள் என்பேன். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலில் காலை ஆறு மணிக்குமேல் பயிற்சி செய்வது வீரம் இல்லை.

முதல் ஏடிபி புள்ளி எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். எம்15 மெயின் டிராவில் முதல் சுற்றை வென்றால் 1 புள்ளி, காலிறுதிக்குப் போனால் 2, அரையிறுதிக்கு 4, இறுதிக்கு 8, பட்டத்துக்கு 15. குவாலிஃபையிங்கில் எத்தனை வென்றாலும் ஏடிபி புள்ளி கிடையாது. ஆடவருக்கு ஒரே புள்ளி போதும், பெயர் பட்டியலில் ஏறிவிடும். மகளிருக்கு அப்படியில்லை: மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 ஒற்றையர் புள்ளி சேர்ந்திருக்க வேண்டும். அதனால் பெண்கள் ஒரே நல்ல வாரத்தை நம்பாமல், எம்15-க்கு இணையான மகளிர் போட்டியான டபிள்யூ15-இல் தொடர்ச்சியாக மூன்று நான்கு வாரங்களாகத் திட்டமிடுவது நல்லது. எடுத்த புள்ளி 52 வாரத்தில் உதிர்ந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று: குவாலிஃபையிங்கில் மூன்றாவது செட் கிடையாது, ஆளுக்கொரு செட் ஆனால், முந்திப் பத்துப் புள்ளி எடுப்பதற்கான டைபிரேக்தான். உடல் வலுவை நம்பி மூன்றாவது செட்டில் எதிராளியைச் சாய்க்கும் நம்மூர்ப் பையன்கள் இதில் அடிவாங்குவார்கள்.

6. விசா: காத்திருந்தால் கிடைக்காது

ஏற்புப் பட்டியல் போட்டிக்குப் பதினேழு நாள் முன்பு வருகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 15 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்களோ திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். கழித்துப் பாருங்கள்: பட்டியலைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருப்பவர் அந்த வாரம் ஆடப்போவதில்லை. ஷெங்கன் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பிருந்தே தரலாம் என்பதால், எந்த நாட்டில் எந்த மூன்று நான்கு வாரங்கள் என்பதை முன்னதாகவே முடிவு செய்து, அழைப்புக் கடிதம் கேட்டு, விண்ணப்பித்துவிட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்குமேல் தங்கக்கூடாது.

வங்கிக் கணக்கு அறிக்கைதான் என்னைப் போன்றவர்களுக்கு இடறும் இடம். வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அப்பா அல்லது அம்மா செலவை ஏற்கிறார் என்றால் அவர்களின் உறுதிக் கடிதம், வருமான வரிக் கணக்கு, ஆறு மாதக் கணக்கு அறிக்கை எல்லாம் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் கடன் வாங்கி மொத்தமாகக் கணக்கில் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. அந்தத் திடீர்ப் பணம்தான் முதலில் கண்ணில் படும்.

துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக், துருக்கியின் அன்டால்யா ஆகிய இடங்களில் ஒரே விடுதி வளாகத்தில் வாரத்துக்கு வாரம் எம்15 போட்டிகள் நடக்கும். ஒரே விசா, ஒரே விமானச் சீட்டு, மூன்று வாரம் ஆட்டம் என்பதால் நமக்கு இவையே கட்டுப்படியாகும். தூதரகம் டெல்லியில் இருந்தால் பாஸ்போர்ட்டை அனுப்பிவைக்க நேரும். அது திரும்பும்வரை வேறு நாட்டுக்குப் போக முடியாது. ஆகவே இரண்டு விசாக்களை அடுத்தடுத்து நெருக்கித் திட்டமிடாதீர்கள்.

கென்யா, நைஜீரியா, ருவாண்டா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்தச் சான்று செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அடுத்த போட்டி அதோடு போச்சு.

7. பணம்: ஒரு பயணத்தின் உண்மைக் கணக்கு

எம்15 என்றால் மொத்தப் பரிசு 15,000 டாலர். பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர். மெயின் டிரா முதல் சுற்றில் தோற்றவருக்கு 156, இரண்டாம் சுற்றில் தோற்றவருக்கு 258. குவாலிஃபையிங்கில் தோற்றால் ஒன்றும் இல்லை. இவையும் வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகைகள்.

என் மொனாஸ்டிர் பயணம் ஒன்றின் நோட்டை அப்படியே தருகிறேன். விமானச் சீட்டு 64,000 ரூபாய். இருபத்தொரு இரவு சாப்பாட்டோடு விடுதி 1,12,000. விசா, காப்பீடு, கூரியர் 11,000. நுழைவுக் கட்டணம், மட்டைக்கு நரம்பு கட்டும் ஸ்ட்ரிங்கிங், துணி சலவை 18,000. வழிச்செலவு 5,000. ஆக 2,10,000. முதல் வாரம் குவாலிஃபையிங்கில் தோற்றேன். இரண்டாம் வாரம் முதல் சுற்று. மூன்றாம் வாரம் ஒரு வெற்றி. கிடைத்தது 414 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35,000 ரூபாய். ஒரு புள்ளியின் விலை 1,75,000 ரூபாய் என்று அம்மா கணக்கு போட்டுச் சொன்னார். பயிற்சியாளரைக் கூட்டிப்போகவில்லை, கூட்டிப்போயிருந்தால் இது இரட்டிப்பாகியிருக்கும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். ஐடிஎஃப் 2013-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது, பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலேயே, ஆடவரில் 336-ஆம் இடத்துக்கும் மகளிரில் 253-ஆம் இடத்துக்கும் கீழே இருப்பவர்க்கு வரவு செலவைத் தொடவில்லை என்று கண்டது. 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்த சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். நான்கே மாதத்தில், ஆஸ்திரேலிய ஓபனில் 31-ஆம் தரநிலை பெற்றிருந்த அலெக்சாண்டர் பப்லிக்கை முதல் சுற்றில் வென்றார். தரவரிசையில் 250-க்குள் இருப்பவர்க்கு 2024 முதல் ஏடிபி குறைந்தபட்ச வருமான உறுதி தருகிறது. அந்த உறுதி நம் தளத்துக்கு எட்டாது.

குறைக்கக்கூடிய செலவுகள் இவை. அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், இரட்டையர் இணையையே அறைத் தோழராக்கினால் இரண்டு வேலையும் முடியும். 200 மீட்டர் ஸ்ட்ரிங் ரீல் ஒன்றில் பதினாறு மட்டைக்குக் குறையாமல் கட்டலாம். தனித்தனிப் பொட்டலமாக வாங்காதீர்கள். தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டு விலை கூடுதல்தான், ஆனாலும் முதல் வாரமே காயம்பட்டவருக்கு அதன் அருமை தெரியும். இரட்டையர் ஆடாமல் விடாதீர்கள். ஒற்றையரில் தோற்றபின் விடுதியில் சும்மா இருக்கும் நாளுக்கும் வாடகை உண்டு.

அரசு உதவிக்கு தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு ஏற்புப் பட்டியல், செலவு மதிப்பீடு, சங்கத்தின் பரிந்துரை, முந்தைய முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தாருங்கள். போய்வந்தபிறகு கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பரிசுத் தொகை ரசீதையும், வெளிநாட்டில் வரி பிடித்ததற்கான சான்றையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்டால் பதில் வராது, ஆடிட்டரோ அந்தத் தாள் இல்லாமல் கழிவு கேட்க மாட்டார்.

8. மருந்தும் முன்பின் தெரியாதவரின் செய்தியும்

நம் ஊர் மருத்துவத்துக்குப் பெயர்போனது என்பதாலேயே நாம் மருந்துக்கு அஞ்சுவதில்லை. இருமலுக்குக் கடையில் கேட்டவுடன் தரும் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது தடை செய்யப்பட்ட பொருள். மூட்டு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, 2022 தொடக்கத்திலிருந்து, எந்த வழியில் செலுத்தினாலும் போட்டிக் காலத்தில் தடை. உட்பொருள் அச்சிடாத லேகியம், சூரணம், ஜிம்மில் தரும் பொடி எதையும் தொடாதீர்கள். தெரியாமல் உட்கொண்டேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. சிகிச்சை தவிர்க்க முடியாதது என்றால், நீங்கள் பரிசோதனைக்கு உட்பட்ட வீரர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, சிகிச்சை விலக்கு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

அடுத்தது பந்தயம். எம்15 ஆட்டங்களின்மேலும் உலகெங்கும் பணம் கட்டுகிறார்கள். முதல் செட்டை விட்டுக்கொடுத்தால் இவ்வளவு என்று இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வரும். 156 டாலருக்கு ஆடுகிறவருக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். மறுத்தால் மட்டும் போதாது, பன்னாட்டு டென்னிஸ் நேர்மை முகமைக்கு உடனே தெரிவிக்க வேண்டும், மறைப்பதும் குற்றம். நண்பருக்குக் காயம் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்வதுகூட உள்தகவல் ஆகிவிடும். தோற்ற இரவில் உங்களையும் உங்கள் தாயையும் திட்டி நூறு செய்திகள் வரும். அவை பணத்தை இழந்தவர்கள் அனுப்புவது. படம் பிடித்து அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

9. பயணத்தில் இருக்கும்போதே அடுத்த பயணம்

மூன்று வாரம் வெளிநாட்டில் ஆடி, நான்காம் வாரம் வீட்டில் இருந்து, ஐந்தாம் வாரம் உள்நாட்டில் ஆட நினைக்கிறீர்கள் என்றால், அந்த ஐந்தாம் வாரத்துக்கான கெடுநாள் நீங்கள் வெளியூரில் இருக்கும் இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை. மொனாஸ்டிரில் அது பிற்பகல் மூன்று மணி. பெரும்பாலும் இரட்டையர் ஆட்டத்துக்காகக் கோர்ட்டில் இருப்பீர்கள், கைப்பேசி பையில் அணைந்திருக்கும். விடுதி இணையமும் நம்பகமானதில்லை. புதன்கிழமை இரவே பெயரைக் கொடுத்துவிட்டு, ஏற்றுக்கொண்டதாகக் காட்டும் திரையைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை விலகலைக் கவனித்து நினைவூட்ட அங்கே ஒருவர் இருக்கட்டும். என் வீட்டில் அது என் தங்கை, அவள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.